அடுப்புப் புகை எங்கே போகிறது?

நாள்பட்ட இருமலுடனும் மூச்சிரைப்புடனும் நுரையீரல் பிரிவுக்கு வரும் முதிய பெண்களிடம் "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால், பெரும்பாலோர் சிரித்துவிடுகின்றனர். உடன் வந்திருக்கும் மகளோ மருமகளோ, "அம்மாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, டாக்டர்" என்று அவசரமாகச் சொல்வதும் உண்டு. அடுத்த கேள்விக்குத்தான் உண்மையான விடை கிடைக்கிறது: "எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தீர்கள்? அந்தப் புகை எங்கே போயிற்று?" முப்பது ஆண்டுகள், நாற்பது ஆண்டுகள் என்று பதில் வரும். புகை எங்கே போயிற்று என்பதைப் பலர் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் இன்று எரிவாயு இணைப்பு இல்லாத வீடுகள் குறைவு. ஆயினும் விறகடுப்பு மறைந்துவிடவில்லை. குளிப்பதற்கு வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குத் தீவனம் காய்ச்சக் கொல்லைப்புறத்தில் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிலிண்டர் தீர்ந்த நாட்களில் சமையலும் அதில்தான். தேநீர்க் கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் திருமண மண்டபச் சமையற்கூடங்களிலும் பெரிய விறகடுப்புகள் உள்ளன. மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்துச் சவுக்கும், ஏரிக்கரைகளில் மண்டிய சீமைக்கருவேலும், தென்னை மட்டையும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும்வரை இந்நிலை மாறாது. எனவே, "விறகை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் கூறி அனுப்பிவிடுவது போதுமான மருத்துவ ஆலோசனை ஆகாது. விறகு எரியும் இடத்தில் முறையான புகைபோக்கி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

புகைபோக்கியை ஒரு மருந்துச் சீட்டைப் போலக் கருதலாம். அளவு தவறினால் பயன் இல்லை. தவறான முறையில் அமைந்தால் தீங்கு செய்யும். தொடர்ந்து கவனிக்காவிட்டால் சில மாதங்களில் பலன் மறையும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

புகையில் இருப்பவை

விறகு முழுமையாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சுபவை புகையாகின்றன. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். ஒரு மில்லிமீட்டரை நானூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அளவு. மூக்கின் மயிரும் சளிப்படலமும் அதைத் தடுத்து நிறுத்த இயலாது. அது மூச்சுச் சிற்றறைகள் வரை சென்று படிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளின் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. இந்தியத் தர அளவு 60. காற்றோட்டமற்ற அடுப்பங்கரையில் விறகு எரியும் நேரத்தில் இது பல நூறைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், உடல் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் சென்று சேராமல் தடைபடுகிறது.

வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2,37,000-க்கும் மேல். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளின் நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகிய அனைத்திலும் இப்புகைக்குப் பங்குண்டு. கண்புரையோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது.

புகைபோக்கியால் நோய் குறையுமா?

குறையும் என்பதற்கு வலுவான சான்று சீனாவின் யுனான் மாநிலத்துச் சுவான்வெய் வட்டாரத்திலிருந்து கிடைத்தது. அங்கே வீட்டின் நடுவே திறந்த குழியில், புகை போக வழியின்றி, நிலக்கரியை எரிப்பது வழக்கம். புகைபிடிக்காத பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் அங்கு மிக அதிகமாக இருந்தது. 1976 முதல் 1992 வரை 21,232 உழவர்களின் நலம் ஆராயப்பட்டது. புகைபோக்கி கொண்ட அடுப்புக்கு மாறிய வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆண்களிடம் 41 விழுக்காடும் பெண்களிடம் 46 விழுக்காடும் குறைந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் குறைந்தது; அப்பலன் ஐயத்திற்கிடமின்றித் தெரியவரப் பத்தாண்டுகள் ஆயின. எரிபொருள் மாறவில்லை, புகை செல்லும் வழி மட்டும் மாறியது.

குவாத்தமாலா நாட்டின் மலைக்கிராமங்களில் 534 வீடுகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாயின. புகைபோக்கி அடுப்பு அமைத்த வீடுகளில் குழந்தைகளுக்குள் சென்ற கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நிமோனியா அனைத்தும் குறைந்தது என்று அந்த ஆய்வைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எனினும் உயிருக்கு ஆபத்தான கடும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நம் நாட்டின் அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1950-களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியாளர், களிமண்ணால் கட்டக்கூடிய, புகைபோக்கி கொண்ட புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசியத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகள் கட்டித் தரப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. ஒடிசாவில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வும் இதையே காட்டியது: புகைபோக்கி அடுப்பு தந்த முதல் ஆண்டில் உள்ளிழுக்கும் புகை குறைந்தது, அதன்பின் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. குழாயில் அடைத்த கரியை அகற்றுவோரும் விரிசலைப் பூசுவோரும் இல்லை. அடுப்பை முறையாகப் பயன்படுத்துவதும் குறைந்துபோயிற்று.

குழாய் புகையை இழுப்பது எவ்வாறு?

சூடான காற்று எடை குறைந்தது, மேலே செல்லும். குழாய்க்குள் இருக்கும் சூடான புகை மேலெழும்போது, அடுப்பின் வாய் வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. இதையே இழுவை என்கிறோம். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளிருக்கும் புகை எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுவை வலுப்படும். வளைவுகளும் விரிசல்களும் உட்புறக் கரியும் அதைக் கெடுக்கும். ஈரமான விறகு எரியும்போது வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. புகை குளிர்ந்து சோர்ந்துவிடுகிறது. குளிர்ந்த புகை குழாயின் சுவரில் தாராகவும் கரியாகவும் படிகிறது. அந்தப் படிவுதான் பின்னாளில் குழாய்க்குள்ளேயே தீப்பற்ற எரிபொருளாகிறது.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

கொத்தனாரிடம் வேலையை ஒப்படைக்கும் முன் வீட்டார் பின்வருவனவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அகலம்: சாதாரண வீட்டு அடுப்புக்குக் குழாயின் உள்விட்டம் நான்கு அங்குலம் என்பது வழக்கம். அண்டா வைக்கும் பெரிய அடுப்புக்கு அது போதாது. எந்த அடுப்பாயினும், புகை வெளியேறும் துளையைவிடக் குழாய் எங்கும் குறுகலாக இருக்கக் கூடாது.

உயரம்: கூரையை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி உயர வேண்டும். சுற்றிலும் பத்து அடிக்குள் உள்ள சுவர், மாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய எதைக் காட்டிலும் இரண்டு அடி உயரமாக இருக்க வேண்டும். இல்லையெனில் காற்று கட்டடத்தில் மோதிச் சுழன்று புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பும். மாலையில் கடற்காற்று பலமாக வீசும் ஊர்களில் இது அடிக்கடி நிகழும். அண்டை வீட்டுச் சன்னலுக்கு நேராகக் குழாயின் வாய் அமையாதிருப்பதும் கடமை.

வளைவு: செங்குத்தான நேர்க்குழாயே சிறந்தது. வளைவு தவிர்க்க இயலாதபோது இரண்டுக்கு மேல் வேண்டா. அவையும் சாய்வாக இருக்கட்டும். படுக்கையாகச் செல்லும் பகுதி இயன்றவரை குறுகியதாகவும், ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறுவதாகவும் இருக்க வேண்டும்.

பொருள்: பி.வி.சி. குழாயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது உருகுவதோடு, நுரையீரலை அரிக்கும் நச்சு வாயுவையும் வெளியிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயும் வேண்டா. கடும் வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். அறுக்கும்போது பறக்கும் தூசி புற்றுநோய் விளைவிப்பது. வீட்டின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதைத் துளையிடாமல், குழாயைச் சுவர் வழியே வெளியே கொண்டுசெல்வது நலம். சுட்ட செங்கல் கட்டுமானமோ கனமான இரும்புத் தகட்டுக் குழாயோ தகும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடுமாதலால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே நீடித்து உழைக்கும்.

இணைப்பு: மேல் குழாயின் முனை, கீழ்க் குழாயின் உள்ளே செருகப்பட வேண்டும். அப்போதுதான் உள்ளே வழியும் தார் வெளியே கசியாது. இணைப்புகளை வெப்பம் தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும்.

இடைவெளி: ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய எப்பொருளுக்கும் இடையே 18 அங்குலமாவது இருக்க வேண்டும். மர உத்தரம், பரணில் அடுக்கிய விறகு, துணிக்கொடி, சாக்குமூட்டை எல்லாம் இதில் அடங்கும். கீற்றுக் கூரையையோ பனையோலைக் கூரையையோ துளைத்துக் குழாயை ஏற்றுவது பேராபத்து. அத்தகைய வீடுகளில் அடுப்பையே வீட்டிலிருந்து விலக்கி, எரியாத கூரையுடைய தனிக் கொட்டகையில் அமைப்பதே முறை.

தலைப்பகுதியும் அடிப்பகுதியும்: மழைநீர் இறங்காதபடி உச்சியில் தொப்பி வேண்டும், புகை வெளியேறத் தொப்பிக்குக் கீழே போதிய இடைவெளியும் வேண்டும். குழாயின் அடியில் கரியை எடுப்பதற்கு மூடியுடன் கூடிய வாய் ஒன்று அமைக்கப்பட வேண்டும். இது இல்லாத புகைபோக்கியை எவரும் துப்புரவு செய்ய மாட்டார்கள்.

ஒரு குழாய்க்கு ஓர் அடுப்பே இருக்க வேண்டும். எரிவாயு கீசரின் புகைக்குழாயை விறகடுப்பின் குழாயோடு இணைக்கவே கூடாது. மூடிய சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி ஓடினால், அது புகைபோக்கி வழியே புகையைக் கீழ்நோக்கி இழுத்துவிடும். விசிறி இருக்கும் அறையில் சன்னலைத் திறந்துவைப்பது கட்டாயம்.

வேலை செய்கிறதா என அறிவது

அடுப்பை மூட்டுவதற்கு முன் சிறிது காய்ந்த ஓலையைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்குங்கள். பின்னர் எரியும் ஊதுபத்தி ஒன்றை அடுப்பின் வாயருகே பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் இழுவை சரியாக உள்ளது. வெளியே தள்ளப்பட்டால் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது உயரம் போதாமல் இருக்கலாம். கூரையில் புதிதாகக் கரி படர்வதும், இணைப்புகளில் கறுப்புத் திரவம் கசிவதும், சமைப்பவருக்குக் கண் எரிவதும் எச்சரிக்கைகளே.

நாள்தோறும் பயன்படும் அடுப்பின் குழாயை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உட்சுவரில் கால் சென்டிமீட்டருக்கு மேல் கரி படிந்திருந்தால் துப்புரவு செய்ய வேண்டும். முழுதும் குளிர்ந்த பின்னரே, நீண்ட கயிற்றில் கட்டிய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். மூச்சிரைப்பு நோய் உள்ளவர், கருவுற்றிருப்பவர், குழந்தைகள் ஆகியோர் அவ்விடத்தில் இருக்கக் கூடாது. செய்பவர் என்-95 முகக்கவசம் அணிந்துகொள்ளட்டும். அடுப்புச் சாம்பலில் கனல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைக் குவியலிலோ கொட்டாமல், மூடியுள்ள தகரக் கலத்தில் வைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகைப் பயன்படுத்துவதே ஆண்டின் மோசமான புகைக்குக் காரணம். கோடையிலேயே விறகைப் பிளந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நனையாமல் அடுக்கிவிட வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கலாம். அத்தகைய புயலுக்குப் பின், குழாய் சாய்ந்துள்ளதா, தொப்பி பறந்துவிட்டதா, உள்ளே ஏதேனும் விழுந்து அடைத்துள்ளதா என்று பார்க்காமல் அடுப்பு மூட்டலாகாது.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோருக்கு

ஆக்சிஜன் செறிவூட்டியோ உருளையோ வைத்திருக்கும் வீடுகளுக்கு இப்பகுதி மிக முக்கியம். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் அது சூழ்ந்த துணியும் மயிரும் பஞ்சும் ஒரு பொறி பட்டாலே பற்றி எரியும். எரியும் அடுப்புக்கும் ஆக்சிஜன் கருவிக்கும் இடையே பத்து அடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அடுப்புள்ள அறைக்குள் கருவி இருக்கவே கூடாது. மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு நோயாளி அடுப்பருகே செல்வதும், "ஒரு நிமிடம்தானே" என்று கறி கிளறுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். நோயாளி படுத்திருக்கும் அறைக்குப் புகை வந்தால், நாம் எழுதித் தரும் இன்ஹேலரும் ஆக்சிஜனும் பாதிப் பலனே தரும்.

உடனே செயல்பட வேண்டிய தருணங்கள்

அடுப்பு எரியும் வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம் ஏற்பட்டால் அது கார்பன் மோனாக்சைடு நச்சாக இருக்கலாம். வெளியே சென்றதும் குறைந்து, உள்ளே வந்ததும் கூடுமானால் ஐயம் இன்னும் வலுக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இந்த நச்சைக் காட்டாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஒட்டியதாகவே அது கணக்கிடும். 98 என்று காட்டுவதைக் கண்டு அமைதியடையாதீர்கள். எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் இரத்தச் சோதனை மூலமே இதை உறுதிசெய்ய முடியும். கருவுற்ற பெண்ணுக்கு அறிகுறி இலேசாக இருந்தாலும் குழந்தைக்கு ஆபத்து உண்டு, தாமதிக்கலாகாது.

புகைபோக்கிக்குள் தீப்பற்றினால் உறுமும் ஓசை கேட்கும். உச்சியில் பொறி பறக்கும். அடுப்பின் வாயைத் தகட்டால் மூட இயன்றால் மூடிவிட்டு, அனைவரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டா. சூடேறிய குழாய் வெடித்துச் சிதறும்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

எரிவாயுவோ மின்னடுப்போ வசதிப்படுமானால் நோயாளிக்கு அதுவே முதல் தேர்வு. புகைபோக்கி அதற்கு மாற்று ஆகாது. புகை வீட்டைவிட்டு வெளியேறினாலும் தெருவில் தங்கும் என்பதையும் மறக்க வேண்டா. ஆயினும் விறகு எரியத்தான் போகிறது என்றால், அதைச் சரியான குழாய் வழியே அனுப்புவது நம் கையில் உள்ள சிகிச்சை.

இவ்வளவு காலம் புகையை உள்ளிழுத்த நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து எங்களிடம் இல்லை. எஞ்சியுள்ள மூச்சைக் காப்பாற்ற முடியும். அந்த வீட்டிலேயே வளரும் பேத்தியின் நுரையீரலைத் தொடக்கத்திலிருந்தே காக்கவும் முடியும். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன், உங்கள் அடுப்பையும் புகைக்குழாயையும் கைபேசியில் படம்பிடித்துக் கொண்டுவாருங்கள். அடுப்பின் வாய், குழாய் சுவரைக் கடக்கும் இடம், வெளியே தெரியும் உச்சி ஆகிய மூன்று படங்கள் போதும். நெஞ்சகப் படத்தைப் பார்ப்பதைப் போலவே அவற்றையும் கவனமாகப் பார்ப்போம்.

— நுரையீரல் நோய்ச் சிறப்பு மருத்துவர்